அமெரிக்காவுல துப்பாக்கி வாங்கறது, தோட்டா சேர்த்து வைக்கறது: டெக்ஸாஸ் தம்பி கேட்டதுக்கு என் பதில்

தம்பி, நீங்க கேட்டதை மத்தவங்களுக்கும் புரியற மாதிரி முதல்ல சுருக்கிடறேன். டாலஸ் பக்கம் புதுசா வீடு வாங்கியிருக்கீங்க, நீங்க எச்-1பி வேலை விசா, வீட்டம்மா அதைச் சார்ந்த எச்-4 விசா, ஒரு பையன் ஒரு பொண்ணு. பக்கத்து தெருவுல ஒரு தெலுங்குக் குடும்பம் ஊருக்குப் போயிருந்தப்போ நகை மொத்தமும் திருடு போச்சு, அதுலருந்து வீட்டுல தூக்கம் இல்ல. ஆபீஸ்ல கூட வேலை பாக்கற வெள்ளைக்கார நண்பர் "ஒரு கிளாக் பிஸ்டல் வாங்கிடு, அடுத்த எலெக்ஷனுக்குள்ள ஆயிரம் ரெண்டாயிரம் ரவுண்டு தோட்டா வாங்கி வச்சுடு, அப்புறம் கிடைக்காது"ன்னு சொல்றார். எதை வாங்கறது, தோட்டா எவ்வளவு வாங்கறது, இந்த நாட்டுல ஏன் இதுக்கு இவ்வளவு அரசியல்னு மூணு கேள்வி. கடைசியா, கோவிலுக்கோ ஊருக்கோ போகும்போது என்ன பண்றதுன்னும் கேட்டிருக்கீங்க.

நான் இங்க வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, துப்பாக்கி சுடறது எனக்குப் பிடிச்ச விஷயம், ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகற இடத்துக்கு, புதுசா வர்ற நம்மாளுங்களுக்கு சொல்லியும் தர்றேன். அதனால துப்பாக்கியே பாவம்னு நான் சொல்லப்போறதில்ல. ஆனா உங்க நண்பர் சொன்னதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அவர் அமெரிக்கக் குடிமகன், நீங்க இல்ல, அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாது, அதனால அவர் நல்ல மனசோட சொல்ற யோசனையே உங்களை ஜெயிலுக்கு அனுப்பலாம்.

பெடரல் சட்டப்படி, அதாவது நாடு முழுக்கப் பொருந்தற மத்திய அரசு சட்டப்படி, எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 இந்த மாதிரி நான்-இமிகிரன்ட் (தற்காலிக) விசாவுல வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கவே கூடாது. வாங்கக்கூடாதுன்னு மட்டும் இல்ல, வச்சிருக்கறதே குத்தம், அதுவும் தோட்டா மட்டும் இருந்தாலும் குத்தம். 2022ல வந்த சட்டத்துக்கு அப்புறம் அதுக்கு அதிகபட்சம் 15 வருஷம். டெக்ஸாஸ்ல 2021 செப்டம்பர்லருந்து லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி எடுத்துட்டுப் போலாம்னு சட்டம் வந்ததும் நம்ம பசங்க நிறைய பேர் "டெக்ஸாஸ்ல எல்லாரும் வச்சுக்கலாம்"னு நினைச்சுக்கிட்டாங்க. அது மாநிலச் சட்டம், பெடரல் சட்டத்தால தடுக்கப்பட்டவங்களுக்கு அது பொருந்தாது.

இதுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் உங்ககிட்ட இருந்தா தடை உங்களுக்கு இல்ல. கேக்கறதுக்கு விநோதமா இருக்கும், ஆனா சட்டத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு, வேட்டைக்குப் போறீங்களா இல்லையான்னு கடைக்காரர் கேக்கமாட்டார், ஹேண்ட்கன்னுக்கும் (கைத்துப்பாக்கிக்கும்) அது செல்லும். டெக்ஸாஸ்ல 1971 செப்டம்பர் 2 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க வேட்டையாடணும்னா ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிக்கணும். லைசென்ஸ் வருஷா வருஷம் ஆகஸ்ட் 31ஓட முடிஞ்சுடும், எல்லாரும் கோட்டை விடற இடம் இதுதான். செப்டம்பர் 1ம் தேதி காலையில புது லைசென்ஸ் இல்லன்னா, அலமாரியில இருக்கற துப்பாக்கியும் அது பக்கத்துல இருக்கற பொட்டித் தோட்டாவும் அன்னிக்கே குத்தமாயிடும். வருஷக்கணக்கா இதைப் புதுப்பிக்காமலே வச்சிருந்தவரை எனக்குத் தெரியும், கிரீன் கார்டு வரிசையில நிக்கற மனுஷன், நல்லவேளை அவருக்கு ஒண்ணும் ஆகல. துப்பாக்கிச் சட்டத்தை மீறி தண்டனை வாங்கின குடிமகன் அல்லாதவங்களை நாடு கடத்தறதுக்கு இமிகிரேஷன் சட்டத்துல தனிப் பிரிவே இருக்கு.

ரேஞ்ச்ல வாடகைக்கு எடுத்து சுடறதும் 'வச்சிருக்கறது'லதான் சேரும். "சும்மா ஒரு தடவை சுட்டுப் பாத்துட்டு வந்தேன்"னு ஃபோட்டோ போடற பசங்களைப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்கும். முதல்ல கோர்ஸ், அப்புறம் லைசென்ஸ், அதுக்கப்புறம் ரேஞ்ச்.

இன்னொரு வழியும் சிலர் சொல்லுவாங்க, கிரீன் கார்டு இருக்கற மச்சான் பேர்ல வாங்கிக்கலாம்னு. தயவுசெஞ்சு செய்யாதீங்க. கடையில ஃபார்ம் 4473னு ஒரு படிவம் கொடுப்பாங்க, அதுல இது உங்களுக்காகத்தான் வாங்கறீங்களான்னு நேரடியாவே கேக்கறாங்க. இன்னொருத்தருக்காக வாங்கிட்டு ஆமான்னு எழுதினா அது தனிக் குத்தம், அதுக்கும் 15 வருஷம் வரைக்கும் உண்டு. அதே படிவத்துல கஞ்சா கேள்வியும் இருக்கு, உங்க மாநிலத்துல கஞ்சா சட்டப்படி சரின்னாலும் பெடரல் சட்டத்துல தப்புன்னு படிவத்துலயே எச்சரிக்கை போட்டிருக்கு. இதையெல்லாம் யாரு பாக்கப்போறாங்கன்னு நினைக்காதீங்க, போதைப்பொருள் கேள்விக்குப் பொய் சொன்னதா பதவியில இருந்த ஜனாதிபதியோட மகன் மேலயே கேஸ் நடந்து, 2024 ஜூன்ல ஜூரி ஹன்டர் பைடனைக் குத்தவாளின்னு சொல்லிச்சு. அவருக்கு அப்பா மன்னிப்பு கொடுத்தார். நமக்கு யாரு கொடுப்பாங்க?

சரி, லைசென்ஸ் எடுத்தாச்சு, சட்டப்படி தடை இல்லன்னு வச்சுக்குவோம். வாங்கணுமாங்கறது இன்னும் மிச்சம் இருக்கு.

நம்மாளுங்க வீட்டுல தங்கம் இருக்கும்னு திருடனுக்குத் தெரியும், இது கற்பனை பயம் இல்ல. 2011லருந்து 2014 வரைக்கும் இந்திய, ஆசியக் குடும்பங்களையே குறிவச்சு ஜார்ஜியா, நியூயார்க், மிச்சிகன், டெக்ஸாஸ்னு சுத்தின ஒரு கும்பல் வீட்டுக்குள்ள புகுந்து ஆளுங்களைக் கட்டிப்போட்டு நகையை எடுத்த கேஸை பெடரல் கோர்ட்லயே விசாரிச்சாங்க. ஆனா உங்க பக்கத்து வீட்டுல நடந்தது என்ன? ஆள் இல்லாதப்போ திருட்டு. இங்க நடக்கற வீட்டுத் திருட்டுல பெரும்பாலானது அப்படித்தான், நீதித்துறையோட பழைய கணக்குப்படி வீட்டுல ஆள் இருந்தது 100க்கு 28 தடவைதான். ஆள் இல்லாத வீட்டுல துப்பாக்கி இருந்தா அது உங்களைக் காப்பாத்தாது, நகையோட சேர்ந்து அதுவும் போயிடும், அப்புறம் அது எந்தத் தெருவுல எவன் கையில இருக்குன்னு நீங்க யோசிச்சுக்கிட்டே இருக்கணும். நகைக்கு பேங்க் லாக்கர். வீட்டுக்கு அலாரம், கதவுச் சட்டத்துல நீளமான ஸ்க்ரூ போட்ட டெட்போல்ட் பூட்டு, வாசல் லைட், ஊருக்குப் போறப்போ ஸ்டேட்டஸ் போடாம இருக்கறது. இதையெல்லாம் செஞ்சு முடிச்சுட்டு, அதுக்கு மேலயும் ஆள் இருக்கும்போது எவனாவது வந்துட்டா என்ன பண்றதுங்கற பயம் மனசுல இருந்தா, அப்ப துப்பாக்கியைப் பத்தி யோசிங்க.

யோசிக்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்து யோசிங்க. 2021ல அமெரிக்காவுல துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேர். அதுல 26,328 பேர் தன்னைத்தானே சுட்டுக்கிட்டவங்க, பாதிக்கு மேல. கலிஃபோர்னியாவுல 2 கோடியே 60 லட்சம் பேரை வருஷக்கணக்கா தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வு 2020ல வந்துச்சு, ஹேண்ட்கன் வச்சிருக்கற ஆம்பளைங்க துப்பாக்கியால தற்கொலை பண்ணிக்கறது வச்சிருக்காதவங்களைவிட 8 மடங்கு, பொம்பளைங்க 35 மடங்கு. நம்ம குடும்பங்கள்ல இதைப் பேசவே மாட்டோம். லேஆஃப் ஆகி 60 நாளுக்குள்ள வேலை தேடணுங்கற நெருக்கடி, காலேஜ் அட்மிஷன் அழுத்தத்துல இருக்கற பிள்ளை, பிரசவத்துக்கு அப்புறம் தனியா வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கற பொண்ணு, இவங்கெல்லாம் நம்ம வீடுகள்லதான் இருக்காங்க. மனசு உடைஞ்ச அந்த நேரம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல கடந்து போயிடற நேரம், ஆனா கைக்கெட்டற தூரத்துல துப்பாக்கி இருந்தா மறுபடி யோசிக்க வாய்ப்பே கிடைக்கறதில்ல. உங்க வீட்டுல இப்ப யாராவது அப்படி ஒரு கட்டத்துல இருந்தா துப்பாக்கி வேண்டாம், இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மனசு உடைஞ்சவங்களுக்கு உதவற 988ங்கற நம்பருக்கு எந்த நேரத்துலயும் கூப்பிட்டுப் பேசலாம், அதையும் வீட்டுல சொல்லி வைங்க.

இதையெல்லாம் யோசிச்சும் வாங்கறதுதான் முடிவுன்னா, எதை வாங்கறது?

கடைக்குப் போனா கண்ணாடிப் பொட்டிக்குள்ள நூறு மாடல் இருக்கும், ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. முதல் துப்பாக்கின்னா 9 எம்எம் (குண்டோட அளவு) சுடறதுல, நடுத்தர சைஸ்ல, பெயர் பெத்த கம்பெனி பிஸ்டல் ஒண்ணு, அவ்வளவுதான் விஷயம். கிளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி, சிஸெட் பி-10, வால்தர் பிடிபி இந்த வரிசையில எது வாங்கினாலும் தப்பில்ல, இதுக்குள்ள எது பெருசுன்னு சண்டை போடறவங்களை விட்டுட்டு, உங்க கையில பிடிச்சுப் பாருங்க. பிடியைப் பிடிச்சா ஆட்காட்டி விரலோட முதல் கணு, கையை முறுக்காம ட்ரிகர் மேல வந்து உக்காரணும், மேல இருக்கற ஸ்லைடை முழுசா பின்னால இழுக்க முடியணும், தோட்டா அடுக்கற மேகசினை விடுவிக்கற பட்டன் கட்டைவிரலுக்கு எட்டணும். நம்மூர் பொம்பளைங்க நிறைய பேருக்குக் கை சின்னது, அதனால பிடியோட பின்பக்கத்தைக் கைக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கற வசதி இருக்கற மாடலா பாத்தா நல்லது. ஸ்லைடு இழுக்க வலு போதாதவங்களுக்கு ஷீல்ட் ஈஸீன்னு ஒரு மாடல் இருக்கு, சுலபமா இழுக்க வரும்.

பொம்பளைங்களுக்குன்னு கேட்டா கடையில குட்டியா ஒண்ணை எடுத்துக் காட்டுவாங்க, கையடக்க ரிவால்வர், இல்லன்னா பாக்கெட் பிஸ்டல். இதுல எனக்குக் கோவமே வரும். துப்பாக்கி சின்னதாக ஆக, லேசாக ஆக, கையில அடிக்கற அடி அதிகமாகும், குறி வைக்கறது கஷ்டமாகும், ரெண்டு தடவை சுட்டுட்டு மூணாவது தடவை கண்ணை மூடிக்குவாங்க, அப்புறம் ரேஞ்ச் பக்கமே வரமாட்டாங்க. அந்த ரிவால்வர்ல பெரும்பாலும் 5 குண்டுதான் போடமுடியும், ட்ரிகரும் கனமா இருக்கும். பழகினவங்க கையில அது அருமையான ஆயுதம், முதல் நாள் கத்துக்கறவங்களுக்கு இல்ல.

9 எம்எம் போதாது, .45, .40ன்னு இன்னும் பெரிய குண்டு வேணும்னு சொல்றவங்களுக்கு ஒரு கதை. 1986 ஏப்ரல்ல மயாமியில நடந்த துப்பாக்கிச் சண்டையில எஃப்பிஐ ஏஜென்ட் ரெண்டு பேர் செத்தாங்க, 9 எம்எம் குண்டு போதுமான ஆழம் போகலன்னு முடிவுக்கு வந்து எஃப்பிஐ பெரிய குண்டு தேடிப் போச்சு, அதுலருந்து 1990ல .40 எஸ்அண்ட்டபிள்யூங்கற குண்டு வந்துச்சு, நாடு முழுக்க போலீஸ்காரங்க அதுக்கு மாறினாங்க. 2014 வாக்குல அதே எஃப்பிஐ, புதுசா வந்த 9 எம்எம் ஹாலோ பாயின்ட் (நுனியில குழி இருக்கற) குண்டுகளே அந்த வேலையை செய்யுது, அடி கம்மி, குறி நல்லா நிக்குது, மேகசின்ல கூட ரெண்டு குண்டு பிடிக்குதுன்னு திரும்ப 9 எம்எம்முக்கே வந்துடுச்சு. விலையும் கம்மி, எங்க போனாலும் கிடைக்கும். காசு பிஸ்டல்ல கொட்டாதீங்க, நல்ல சேஃப், நல்ல பயிற்சி வகுப்பு, காதுக்கு நல்ல பாதுகாப்பு, இதுல போடுங்க. மூடின அறைக்குள்ள ஒரு தடவை சுட்டாலே காது நிரந்தரமா கெடலாம். அப்புறம் ரேஞ்ச்ல காத்துல ஈயத்தூசி இருக்கும், வந்ததும் பச்சைத்தண்ணியில சோப்பு போட்டுக் கை, முகம் கழுவிட்டு, சட்டையைத் தனியா துவைச்சுட்டுதான் பிள்ளையைத் தூக்கணும். கர்ப்பமா இருக்கறவங்க ரேஞ்சுக்கு வரவே வேண்டாம்.

தோட்டா விஷயத்துக்கு வருவோம். ரெண்டு வகை வேணும். ரேஞ்ச்ல பழக, குண்டை முழுக்க உலோக உறை மூடின சாதாரண எஃப்எம்ஜே, வீட்டுப் பாதுகாப்புக்கு ஹாலோ பாயின்ட். ஹாலோ பாயின்ட் உடம்புக்குள்ள விரிஞ்சு நின்னுடும், ஊடுருவிப் போய்ப் பின்னால இருக்கறவங்களைத் தாக்கற வாய்ப்பு கம்மி. ஆனா இங்க வீட்டுச் சுவர் எல்லாம் ஜிப்சம் அட்டை, குறி தப்பினா எந்தக் குண்டும் ரெண்டு மூணு சுவரைத் தாண்டும், அடுத்த ரூம்ல பிள்ளை தூங்குதுங்கறதை வச்சுத்தான் நீங்க எங்க நிப்பீங்க, எந்தத் திசையில சுடவே கூடாதுன்னு முன்னாடியே யோசிச்சு வைக்கணும்.

மாசத்துக்கு ஒரு தடவை ரேஞ்ச் போனா ஒரு தடவைக்கு 100 குண்டு போதும், அதுக்கு மேல கை சோர்ந்து கெட்ட பழக்கம்தான் வரும். ஆக ஒரு மூணு நாலு மாசத்துக்கான எஃப்எம்ஜே, கூட ரெண்டு மூணு பொட்டி ஹாலோ பாயின்ட், அதுல ஒரு பொட்டியை உங்க பிஸ்டல்ல சுட்டுப் பாத்து சிக்காம போகுதான்னு தெரிஞ்சுக்கணும். இதுக்கு மேல ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு எதுக்குன்னு எனக்குத் தெரியல. வீட்டுல நடக்கற எந்த அசம்பாவிதத்துலயும் ஆயிரம் குண்டு சுடப்போறதில்ல. ஆயிரம் ரவுண்டு 9 எம்எம் சுமார் 12 கிலோ, ஐயாயிரம்னா 60 கிலோ, எதாவது வேலை மாறி வேற மாநிலம் போனா அதை என்ன பண்றதுன்னு முழிப்பீங்க. வச்சுக்கறதை உலர்ந்த, குளுமையான இடத்துல, அது வந்த பொட்டியிலயே, ரப்பர் வளையம் போட்ட இரும்பு டப்பாவுல பூட்டி வைங்க. டெக்ஸாஸ் வெயில்ல கராஜும் பரணும் ஆகாது. ஒழுங்கா வச்சா பல வருஷம் கெடாது.

அப்புறம் ஏன் இங்க எல்லாரும் பதுக்கறாங்க? இதுக்குத்தான் அரசியல் தெரியணும்.

1968ல வந்த பெடரல் சட்டம் தோட்டா விக்கறவங்களும் லைசென்ஸ் வாங்கணும், யாருக்கு வித்தோம்னு எழுதி வைக்கணும்னு சொல்லிச்சு. 1986ல ரீகன் காலத்துல வந்த சட்டம் அதைப் பெரும்பாலும் எடுத்துடுச்சு, வேற மாநிலத்துல இருக்கறவங்களுக்கு நேரடியா அனுப்பி விக்கறதுக்கு இருந்த தடையும் போச்சு. அதனாலதான் இன்னிக்கு டெக்ஸாஸ்ல நீங்க ஆன்லைன்ல ஆயிரம் ரவுண்டு ஆர்டர் போட்டா வாசல்ல கொண்டுவந்து வச்சுட்டுப் போறான். துப்பாக்கிக்கு இருக்கற பேக்ரவுண்ட் செக், அதாவது வாங்கறவருக்கு சட்டப்படி தடை இருக்கான்னு பாக்கறது, பெடரல் அளவுல தோட்டாவுக்கு இல்ல. கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலம் மட்டும் தனியா சட்டம் போட்டுது, அங்க 2019 ஜூலையிலருந்து தோட்டாவுக்கும் செக் வந்துச்சு, 2024 ஜூலையிலருந்து 11 சதவீதம் தனி வரியும் வந்துச்சு. கடை சுலபமா திறந்திருக்கு, ஆனா நாளைக்கு மூடிடுவாங்களோங்கற பயம் எப்பவும் இருக்கு, இந்த ரெண்டும் சேர்ந்தா பதுக்கல்தான் வரும்.

2012 டிசம்பர்ல சாண்டி ஹூக் பள்ளியில 20 பிஞ்சுக் குழந்தைங்களையும் 6 பெரியவங்களையும் ஒருத்தன் சுட்டுக் கொன்னான். ஒபாமா சட்டம் கொண்டுவரப் போறார்னு பேச்சு வந்ததும் நாடு முழுக்க கடையில தோட்டா காலி. 2013 ஏப்ரல்ல செனட்ல பேக்ரவுண்ட் செக்கை விரிவாக்கற மசோதாவுக்கு 54 ஓட்டு, வேண்டியது 60, தோத்துது. சட்டமே வரல. ஆனா .22 எல்ஆர்னு பிள்ளைங்க பழகற சின்னக் குண்டுகூட அதுக்கப்புறம் வருஷக்கணக்கா கடையில கிடைக்கல, ஏன்னா எல்லாரும் அடுத்தவன் பதுக்கறான்னு தானும் பதுக்கினாங்க. 2016ல ட்ரம்ப் ஜெயிச்சதும் தடை பயம் போச்சு, விற்பனை படுத்துது, 2018 மார்ச்ல துப்பாக்கியும் தோட்டாவும் செய்யற ரெமிங்டன் கம்பெனி திவால் மனு போட்டுது. 2020ல கொரோனா, தெருக் கலவரம், எலெக்ஷன் மூணும் ஒண்ணா வந்துச்சு, அந்த வருஷம் நடந்த பெடரல் செக் 3 கோடியே 97 லட்சம் கிட்ட. இதுவும் பத்தாதுன்னு அந்த வருஷம் ஜூலையில ரெமிங்டன் ரெண்டாவது தடவை திவால். தோட்டாவைப் பத்த வைக்கற ப்ரைமர் செய்யற பெரிய கம்பெனிங்க இந்த நாட்டுல விரல் விட்டு எண்ணலாம், உற்பத்தியை ஒரே நாள்ல கூட்ட முடியாது. 20 சென்ட் கிட்ட இருந்த 9 எம்எம் குண்டு 70, 80 சென்ட்னு போச்சு. 2021ல ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குத் தடை வந்து மலிவான சரக்கும் நின்னுது. பயந்து அப்ப வாங்கினவங்க மூணு மடங்கு நாலு மடங்கு விலை கொடுத்தாங்க, விலை அப்புறம் தானா இறங்கிச்சு. உங்க நண்பர் "அப்புறம் கிடைக்காது"ன்னு சொல்றது இந்த அனுபவத்துலருந்துதான், அவரைக் குறை சொல்லல. ஆனா அந்தத் தட்டுப்பாட்டை உண்டாக்கினதே அந்தப் பேச்சுதான், ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் அந்தப் பேச்சை உசுப்பி விட்டு சம்பாதிக்கறவங்களும் இருக்காங்க.

ரிபப்ளிகன் கட்சி துப்பாக்கி பக்கம், டெமாக்ரட் கட்சி கட்டுப்பாடு பக்கம்ங்கற இந்தக் கட்சிப் பிரிவினை ஆதிலருந்தே இப்படி இல்லங்கறதும் தெரிஞ்சுக்கங்க. துப்பாக்கிக்காரங்களோட பெரிய சங்கமான என்ஆர்ஏ (நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன்) 1871ல ஆரம்பிச்சது, உள்நாட்டுப் போர்ல வடக்குப் படையில இருந்தவங்க, சிப்பாய்களுக்குக் குறி பாத்து சுடத் தெரியலன்னு ஆரம்பிச்ச சங்கம். 1967ல கறுப்பர்களோட பிளாக் பேந்தர்ஸ் இயக்கத்துக்காரங்க துப்பாக்கியோட கலிஃபோர்னியா சட்டசபைக்குள்ள நுழைஞ்சாங்க. அந்த வருஷமே, குண்டு போட்ட துப்பாக்கியைப் பொது இடத்துல வெளிப்படையா தூக்கிட்டுப் போறதைத் தடை பண்ற சட்டத்துல கையெழுத்துப் போட்டவர் அப்போ கவர்னரா இருந்த ரீகன், ரிபப்ளிகன்காரர். யாரு கையில துப்பாக்கி இருக்குங்கறதைப் பொறுத்து இங்க கொள்கை மாறியிருக்கு, இதை நம்ம நிறத்துல இருக்கறவங்க மறக்கவே கூடாது. 1977ல சின்சினாட்டியில நடந்த என்ஆர்ஏ கூட்டத்துல விடிய விடிய சண்டை நடந்து, வேட்டைக்காரங்க தரப்பு தோத்து, எந்தக் கட்டுப்பாடும் கூடாதுங்கற தரப்பு சங்கத்தைப் பிடிச்சுது. இன்னிக்கு நாம பாக்கற அரசியலோட வேர் அங்க இருக்கு. 2008ல சுப்ரீம் கோர்ட் ஹெல்லர் தீர்ப்புல 5-4ன்னு, வீட்டுல தற்காப்புக்கு ஹேண்ட்கன் வச்சுக்கறது தனிமனுஷ உரிமைன்னு சொல்லிச்சு. 2022ல ப்ரூன் தீர்ப்பு அதை வீதிக்கும் நீட்டிச்சுது. 2024ல ரஹீமி கேஸ்ல, குடும்ப வன்முறை தடை உத்தரவு இருக்கறவங்ககிட்ட துப்பாக்கி இருக்கக்கூடாதுன்னு 8-1ல சொன்னதும் இதே கோர்ட்தான். ஆக, ஹேண்ட்கன்னை ஒட்டுமொத்தமா பிடுங்க இப்போதைக்கு எந்த ஜனாதிபதியாலயும் ஆகாது. அந்த பயத்துல நீங்க ரெண்டாயிரம் ரவுண்டு வாங்க வேண்டியதில்ல. நான் ரேஞ்சுக்குப் போறவன்தான், ஆனாலும் வாங்கறவங்களுக்கெல்லாம் பயிற்சியும் பூட்டும் கட்டாயம்னு சட்டம் வந்தா கை தூக்கி ஆதரிப்பேன்.

பூட்டுன்னதும் சொல்றேன், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமான இடம். அலமாரி மேல, மெத்தைக்கு அடியில, அரிசி ட்ரம்முக்குள்ளன்னு ஒளிச்சு வைக்கறது பாதுகாப்பு இல்ல, பிள்ளைங்களுக்கு வீட்டுல தெரியாத இடமே கிடையாது. கட்டிலோட பக்கத்துல தரையிலயோ சுவர்லயோ போல்ட் போட்டு முடுக்கின, நம்பர் அழுத்தித் திறக்கற சின்ன சேஃப், அதுக்குள்ள பாதுகாப்புக்கான பிஸ்டல். மிச்சத் தோட்டா வேற பூட்டுல. நம்பர் பிள்ளை பொறந்த தேதியா இருக்கக்கூடாது. டெக்ஸாஸ்ல நீங்க அலட்சியமா வச்சதால 17 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளை கையில சுடத் தயாரான துப்பாக்கி கிடைச்சுட்டாலே குத்தம். மிச்சிகன்ல ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்கூல்ல 2021 நவம்பர் 30ல 15 வயசுப் பையன் நாலு பேரைக் கொன்னான், சில நாளைக்கு முன்னாடி பிளாக் ஃப்ரைடே அன்னிக்கு அப்பா வாங்கின 9 எம்எம் பிஸ்டல். 2024ல அப்பா அம்மா ரெண்டு பேருமே அலட்சியத்தால மரணம் உண்டாக்கின குத்தத்துக்குத் தண்டனை வாங்கினாங்க, குறைஞ்சது 10 வருஷம். அந்தப் பையன் உதவி கேட்டும் யாரும் கவனிக்கலங்கறதுதான் அந்த கேஸ்ல என்னை ரொம்ப வதைச்சது. உங்க பிள்ளைங்க விளையாடப் போற வீட்டுலயும் "துப்பாக்கி இருக்கா, பூட்டியிருக்கா"ன்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க, ஒவ்வாமை இருக்கான்னு கேக்கறோம்ல.

கோவிலுக்கு எடுத்துட்டுப் போறது: டெக்ஸாஸ்ல வழிபாட்டு இடத்துல வேண்டாம்னு போர்டு வச்சாலோ சொன்னாலோ கொண்டுபோகக் கூடாது. போர்டு இல்லன்னாலும் வேண்டாம். கார்ல வச்சுட்டு உள்ள போகவும் வேண்டாம், பார்க்கிங்ல கண்ணாடி உடைச்சு எடுக்கறது இங்க ரொம்ப சாதாரணம். தபால் ஆபீஸுக்குள்ளயும் அதோட பார்க்கிங்லயும்கூடக் கூடாது. நியூ ஜெர்சிக்கு வேலை மாறினா அங்க மேகசின்ல 10 குண்டுக்கு மேல கூடாது, வாங்கறதுக்கே போலீஸ் பெர்மிட் வேணும், கிளம்பறதுக்கு முன்னாடி அந்த ஊர் வக்கீல் ஒருத்தர்கிட்ட பேசிடுங்க.

ஊருக்குப் போறது பத்தி நீங்க லேசா கேட்டீங்க, ஆனா நான் அழுத்திச் சொல்றேன். ரேஞ்சுக்குன்னு ஒரு பையைத் தனியா வச்சுக்கங்க, அந்தப் பையை வேற எதுக்குமே தொடாதீங்க. 2023ல மட்டும் இந்த நாட்டு ஏர்போர்ட் செக்கிங்ல 6,737 துப்பாக்கி பிடிச்சிருக்காங்க, அட்லாண்டாவுக்கு அடுத்தபடி நம்ம டாலஸ்தான். தப்பித்தவறி ஒரே ஒரு குண்டு பையோட ஓரத்துல தங்கி, இங்க யார் கண்ணுலயும் படாம, சென்னையில திரும்பி ஏறும்போது ஸ்கேனர்ல பட்டுச்சுன்னா ஆயுதச் சட்டம் பிரிவு 25ல கேஸ். தெரியாம இருந்துச்சுன்னா, தெரிஞ்சு வச்சிருந்தாதான் குத்தம்னு 1972லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கறதை வச்சு ஹைகோர்ட்ல கேஸை ரத்து பண்ண முடியும், ஆனா அதுக்குள்ள ஃப்ளைட் போயிடும், பாஸ்போர்ட் மாட்டிக்கும், விசா ஸ்டாம்பிங், ஆபீஸ் லீவு எல்லாம் நாறிடும். பெட்டி கட்டறதுக்கு முன்னாடி பையோட ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து தலைகீழா உதறிப் பாத்துட்டுக் கட்டுங்க.